பார்க்கும் பாட்டு – 17: தாளம் தெரிந்த கண்

1981 ஆகஸ்ட் 1ஆம் தேதி அமெரிக்காவில் எம்டிவி ஒளிபரப்பைத் தொடங்கிய கதையைச் சென்ற இதழில் பார்த்தோம். பாடகரின் முகம், ஆட்டம், புகை, நொடிக்கொரு வெட்டு என்று பத்தே ஆண்டுகளில் பெரும்பாலான பாட்டுப் படங்கள் ஒரே அச்சில் வார்த்தவை போல ஆகிவிட்டதையும் சொல்லியிருந்தேன். அந்த அச்சை உடைத்தவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் பிரெஞ்சுக்காரரான மிஷேல் கோந்த்ரி. படம் எடுக்க வருவதற்கு முன் அவர் ஒரு ராக் குழுவில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தார். அவருடைய படங்களுக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் இல்லை என்பது என் எண்ணம்.

கதையை அவருடைய தாத்தாவிடமிருந்து தொடங்க வேண்டும். தாத்தாவின் பெயர் கான்ஸ்தான் மார்தான். 1947இல் அவர் கிளாவியோலின் என்ற மின்னணு விசைக்கருவியைக் கண்டுபிடித்தார். ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டுமே எழுப்பக்கூடிய சின்னக் கருவி. பெயர் தெரியாவிட்டாலும் அதன் ஒலி நமக்குத் தெரியும். 1954இல் வந்த 'நாகின்' இந்திப் படத்தின் மகுடி இசையைக் கேட்காதவர்கள் நம் ஊரிலும் குறைவு. ஹேமந்த் குமார் இசையமைத்த அந்தப் படத்துக்காக, பின்னாளில் கல்யாண்ஜி–ஆனந்த்ஜி இரட்டையரில் ஒருவராகப் புகழ்பெற்ற கல்யாண்ஜி, கிளாவியோலினில்தான் அந்த மகுடியை வாசித்தார். திருவிழா மேடைகளில் மெல்லிசைக் குழுக்கள் இன்னமும் அந்த மெட்டை எடுத்தால் கூட்டம் ஆடுகிறது. 1962இல் அதே கருவியின் ஒலியோடு டோர்னடோஸ் என்ற ஆங்கிலேயக் குழுவின் 'டெல்ஸ்டார்' அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. வெர்சாய் பட்டறையில் பிறந்த ஒரு கருவி பம்பாயில் பாம்பாட்டியின் மகுடியாகவும் லண்டனில் விண்வெளியின் ஒலியாகவும் மாறியது. ஒரு பொருளை அதன் வேலையிலிருந்து பிடுங்கி வேறு வேலைக்கு வைக்கும் இந்தப் புத்தி, பேரனின் படங்களில் கடைசிவரை ஓடுகிறது.

பேரன் பிறந்தது 1963இல், வெர்சாய் நகரில். ஓவியம் படிக்கப் பாரிஸ் போனார். அங்கே நண்பர்களோடு சேர்ந்து 'வீ வீ' என்ற இசைக்குழுவைத் தொடங்கி, டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்தார். குழு இரண்டு ஆல்பங்கள் வெளியிட்டது. பெரிய பெயர் எதுவும் வரவில்லை. குழுவின் பாட்டுகளுக்குப் படம் எடுக்கும் பொறுப்பு, வரையத் தெரிந்தவர் என்பதால் கோந்த்ரியிடம் வந்தது. பொம்மைகளையும் சின்னச் சின்ன வீடுகளையும் கையால் செய்து, ஒவ்வொரு பிரேமாக நகர்த்தி எடுத்தார். அவற்றில் 'லா வீல்' என்ற பாட்டின் படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தார் ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க். தனியாகப் பாட வந்து முதல் ஆல்பத்தை வெளியிடும் தறுவாயில் இருந்தவர், தன் முதல் படத்தை இவர்தான் எடுக்க வேண்டும் என்று முடிவு செய்தார்.

1993இல் வெளிவந்த 'ஹ்யூமன் பிஹேவியர்' அப்படித்தான் பிறந்தது. குழந்தைகள் கதையில் வரும் காடு, துரத்தும் ஒரு பெரிய கரடிப் பொம்மை, வேட்டைக்காரன், கடைசியில் கரடியின் வயிற்றுக்குள் உட்கார்ந்து பாடும் பியோர்க். காடும் பொய், கரடியும் பொய் என்று பார்த்தவுடனே தெரிகிறது. கோந்த்ரி அதை மறைக்கவும் இல்லை. நாலு வயதில் கேட்ட கதை ஏன் பயமுறுத்தியது என்பது அந்தப் பொய்க் காட்டைப் பார்த்தால்தான் நினைவுக்கு வருகிறது. இருவரும் பிறகு 'ஐசோபெல்', 'ஹைப்பர்பேலட்', 'யோகா' என்று தொடர்ந்து சேர்ந்து வேலை செய்தார்கள். அவற்றில் 1997இல் வந்த 'பேச்சலரெட்' படத்தில் ஒரு பெண் வெற்றுப் புத்தகம் ஒன்றைக் கண்டெடுக்கிறாள். அது தன்னைத்தானே எழுதிக்கொள்கிறது. அந்தக் கதை நாடகமாகிறது. நாடகத்துக்குள் அதே நாடகம், அதற்குள் இன்னொன்று என்று மேடைகள் சிறுத்துக்கொண்டே போகின்றன. ஐந்து நிமிடத்தில் ஒரு நாவலின் கனம் அதில் இருக்கிறது.

இடைக்காலத்தில் விளம்பரப் படங்களும் எடுத்தார். லீவைஸ் ஜீன்ஸுக்காக எடுத்த 'டிரக்ஸ்டோர்' என்ற கறுப்பு–வெள்ளை விளம்பரம், மிக அதிக விருதுகள் பெற்ற தொலைக்காட்சி விளம்பரமாகக் கின்னஸில் இடம்பெற்றது. 1995இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' படத்துக்கு அவர் கையாண்ட உத்தியைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஒரே கணத்தைப் பல கேமராக்கள் வெவ்வேறு கோணங்களிலிருந்து புகைப்படமாக எடுக்கும். அந்தப் படங்களுக்கு இடையிலான வெளியைக் கணினி நிரப்பும். விளைவு, ஆட்கள் உறைந்து நிற்க, பார்வை மட்டும் அவர்களைச் சுற்றி வரும். நான்கு ஆண்டுகள் கழித்து 'தி மேட்ரிக்ஸ்' படத்தில் நாயகன் துப்பாக்கிக் குண்டுகளுக்கு வளைந்து கொடுத்தபோது உலகமே வாய்பிளந்தது. அந்தச் சமயத்தில் கோந்த்ரியின் பெயரைச் சொன்னவர்கள் மிகச் சிலர். போதைக் கிறக்கத்தில் அறை வழுக்கிப்போவதைக் காட்ட அவர் கையில் எடுத்த உத்தி, அந்தப் படத்தில் சண்டைக்காட்சிக்குப் போய்ச் சேர்ந்தது.

இனி டிரம்ஸ்காரரின் வேலைக்கு வருவோம். தாளம் வாசிப்பவருக்குப் பாட்டு எப்படிக் காதில் விழும்? வரிகளோ மெட்டோ அவருக்கு முதலில் படாது. எத்தனை எண்ணிக்கை, எது எங்கே திரும்ப வருகிறது, எந்த அடி எந்த இடத்தில் விழுகிறது என்ற கட்டுமானம்தான் முதலில் படும். அந்தக் கட்டுமானத்தை அப்படியே கண்ணுக்குக் காட்ட முடியுமா என்பதுதான் கோந்த்ரி தனக்குத்தானே போட்டுக்கொண்ட கணக்கு.

1997இல் டாஃப்ட் பங்க் இரட்டையரின் 'அரௌண்ட் த வேர்ல்டு' வந்தது. பாட்டில் மொத்தமே மூன்று சொற்கள். அவையே திரும்பத் திரும்ப வரும். இதற்கு என்ன படம் எடுப்பது? இசையில் கேட்கும் ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு கூட்டத்தை ஒதுக்கினார். இயந்திரக் குரலுக்கு ரோபோக்கள். டிரம் ஒலிக்கு மம்மிகள். கிதாருக்கு எலும்புக்கூடுகள். கீபோர்டுக்கு நீச்சலுடைப் பெண்கள். பேஸ் கிதாருக்கு, உடம்பு பெரிதாகவும் தலை சிறிதாகவும் உள்ள ஓட்டக்காரர்கள். சுரம் ஏறினால் அவர்கள் படியில் ஏறுவார்கள், இறங்கினால் இறங்குவார்கள். நடனத்தை அமைத்தவர் ஸ்பெயின் நாட்டுக்காரரான பிளாங்கா லீ. கேமரா பெரும்பாலும் தள்ளி நின்று முழு வட்டத்தையும் காட்டுகிறது. ஆடுபவர்களைக் கால் வேறு தலை வேறாக வெட்டித் தள்ளும் வழக்கத்தின் மீது கோந்த்ரிக்கு இருந்த கோபம் அந்தத் தூரத்தில் தெரிகிறது. இசை படித்தறியாத ஒருவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து இதைக் காட்டிப் பாருங்கள். பேஸ் எது, டிரம் எது என்று நாலே நிமிடத்தில் பிரித்துக் கேட்கப் பழகிவிடுவார். பாடம் நடத்தாமல் காதைப் பழக்கும் இப்படி ஒரு படத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அதற்கு முந்தைய ஆண்டு வந்த 'சுகர் வாட்டர்' இன்னும் கடினமான கணக்கு. நியூயார்க்கில் வாழ்ந்த இரண்டு ஜப்பானியப் பெண்களின் குழுவான சீபோ மாட்டோவுக்காக எடுத்தது. திரை நட்ட நடுவில் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. இரு பக்கமும் ஓடுவது வெட்டே இல்லாத ஒரே காட்சி. ஒரு பக்கம் முன்னோக்கி ஓடுகிறது, மறுபக்கம் அதே காட்சி பின்னோக்கி ஓடுகிறது. இருவரும் படுக்கையை விட்டு எழுகிறார்கள், குளிக்கிறார்கள், தெருவுக்கு வருகிறார்கள், பாட்டின் நடுவில் ஒரு கார் விபத்தில் சந்திக்கிறார்கள். அந்தக் கணத்தில் இரு பக்கங்களும் ஒன்றையொன்று கடந்து, இடம் மாற்றிக்கொண்டு வந்த வழியே திரும்புகின்றன. முதலிலிருந்து படித்தாலும் கடைசியிலிருந்து படித்தாலும் ஒன்றாகவே வரும் மாலைமாற்றில் ஒரு பதிகமே பாடியிருக்கிறார் சம்பந்தர். சித்திரக்கவியில் தோய்ந்த தமிழ் வாசகருக்கு இந்தப் படத்தின் சுவை மற்றவர்களைவிடச் சீக்கிரம் பிடிபடும். ஓர் எழுத்து பிசகினால் மாலைமாற்று உடைந்துவிடும். இங்கே ஒரு நடிகை ஓர் அடி தாமதமாக எடுத்துவைத்தால் படமே போச்சு; திரும்பவும் முதலிலிருந்து எடுக்க வேண்டியதுதான்.

இந்த வழியில் அவர் உச்சத்தைத் தொட்டது 2002இல். அந்த ஒரே ஆண்டில் மூன்று படங்கள் வெளிவந்தன. மூன்றும் இன்றுவரை பேசப்படுகின்றன.

கெமிக்கல் பிரதர்ஸின் 'ஸ்டார் கிட்டார்' பார்வைக்கு ஒரு ரயில் பயணம். ஜன்னலுக்கு வெளியே தொழிற்சாலைகள், தண்டவாளங்கள், கிடங்குகள், பாலங்கள் ஓடுகின்றன. வேறொன்றும் நடப்பதில்லை. ஒரு நிமிடம் போனதும் சந்தேகம் வருகிறது. அந்தக் கம்பம் அடி விழும்போதெல்லாம் ஏன் கடந்துபோகிறது? புதிய ஒலி ஒன்று சேர்ந்தவுடன் புதிய கட்டடம் ஒன்று ஏன் முளைக்கிறது? தெற்கு பிரான்சில் நீம் நகருக்கும் வாலான்ஸ் நகருக்கும் இடையே அதே பாதையில் பத்து முறை பயணம் செய்து, வெவ்வேறு பொழுதின் வெளிச்சத்தில் காட்சிகளைச் சேகரித்தார். பிறகு பாட்டின் ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு பொருளை நிர்ணயித்து, கட்டம் போட்ட தாளில் குறித்துக்கொண்டு, கணினியில் நிலப்பரப்பையே திரும்ப அடுக்கினார். அடுக்குமுறையைச் சரிபார்க்க அவர் முதலில் பயன்படுத்தியவை வீட்டிலிருந்த ஆரஞ்சுப் பழங்கள், முள்கரண்டிகள், புத்தகங்கள், கண்ணாடித் தம்ளர்கள். ஆரஞ்சு ஓர் ஒலி, முள்கரண்டி ஓர் ஒலி என்று தரையில் வரிசையாக வைத்துப் பார்த்திருக்கிறார். விலையுயர்ந்த மென்பொருளில் முடிந்த வேலைக்கு முதல் வரைபடம் சமையலறைச் சாமான்கள்.

கைலி மினோக்கின் 'கம் இன்டு மை வேர்ல்டு' படத்தில், பாரிஸை ஒட்டிய ஒரு நாற்சந்தியில் கைலி நடந்து ஒரு சுற்று வருகிறார். சுற்று முடிந்ததும் இரண்டாவது கைலி வந்து சேர்கிறார். அடுத்த சுற்றில் மூன்றாமவர், பிறகு நான்காமவர். அவர் மட்டுமல்ல, தெருவில் சண்டைபோடும் தம்பதியர் முதல் சைக்கிள்காரர் வரை எல்லோரும் பெருகுகிறார்கள். போன பாதையிலேயே இம்மி பிசகாமல் கேமராவைத் திரும்பத் திரும்ப நகர்த்தும் இயந்திரக் கை ஒன்றும், ஒருவர்மேல் ஒருவர் மோதாத அளவுக்கு ஒத்திகை பார்த்த நடிகர்களும் இல்லாவிட்டால் இது நடந்திருக்காது. பல்லவி திரும்ப வரும்போது கேட்பவர் மனதில் பழைய பல்லவியின் மேல் புதியது படிகிறது. அதைத்தான் அந்தத் தெரு காட்டுகிறது.

மூன்றாவது ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் குழுவின் 'ஃபெல் இன் லவ் வித் எ கேர்ள்'. இரண்டு நிமிடம்கூட ஓடாத பாட்டு. குழுவில் பாடகர் ஜாக் ஒயிட், டிரம்ஸ் வாசிக்கும் மெக் ஒயிட் என்று இருவரே. இருவரையும் நடிக்கவைத்து எடுத்த காட்சியைப் பிரேம் பிரேமாகப் பிரித்து, ஒவ்வொரு பிரேமையும் லெகோ கட்டைகளால் கட்டிப் படமெடுத்தார்கள். படத்தின் தொடக்கத்தில் கட்டைகளை அடுக்கும் சிறுவன் கோந்த்ரியின் மகன். எம்டிவி அந்த ஆண்டு இந்தப் படத்துக்கு மூன்று விருதுகள் கொடுத்தது. அடுத்த ஆண்டு அதே குழுவின் 'த ஹார்டஸ்ட் பட்டன் டு பட்டன்' படத்துக்காக, அச்சு அசலாக ஒரே மாதிரியான 32 டிரம்ஸ் செட்டுகளை வரவழைத்தார். நியூயார்க் தெருக்களில் மெக் ஒவ்வோர் அடி அடிக்கும்போதும் ஒரு புதிய செட்டுக்கு நகர்கிறார். அடித்த செட்டுகள் அவருக்குப் பின்னால் வரிசையாக நிற்கின்றன. தாளத்தை எண்ணிப் பார்க்க வேண்டுமா? தெருவில் நிற்கும் டிரம்களை எண்ணினால் போதும்.

பாட்டிலிருந்து முழுநீளப் படத்துக்குப் போன இயக்குநர்கள் பலர் தடுமாறியிருக்கிறார்கள். கோந்த்ரியின் முதல் படமான 'ஹ்யூமன் நேச்சர்' (2001) சரியாகப் போகவில்லை. இரண்டாவது படம் எல்லாவற்றையும் மாற்றியது. உங்களைத் தன் நினைவிலிருந்து ஒருவர் அழித்துவிட்டார் என்று தபாலில் ஓர் அட்டை வந்தால் எப்படி இருக்கும் என்று அவருடைய ஓவிய நண்பர் பியர் பிஸ்மூத் கேட்ட ஒரு கேள்விதான் வித்து. அதைத் திரைக்கதையாக்கியவர் சார்லி காஃப்மன். ஜிம் கேரியும் கேட் வின்ஸ்லெட்டும் நடித்த 'எடர்னல் சன்ஷைன் ஆஃப் த ஸ்பாட்லெஸ் மைண்ட்' 2004 மார்ச்சில் வெளியானது. அடுத்த ஆண்டு சிறந்த அசல் திரைக்கதைக்கான ஆஸ்கர் மூவருக்கும் சேர்ந்து கிடைத்தது.

அந்தப் படத்தின் புகழை முழுக்கக் காஃப்மனின் எழுத்துக்கே கொடுப்பவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. நினைவு அழிவதை எழுதிவிடலாம். அதை எப்படிக் காட்டுவது? கோந்த்ரி கணினியை முடிந்தவரை தள்ளிவைத்தார். மருத்துவரின் அறையில் நாயகன் ஜோயல், அங்கே உட்கார்ந்திருக்கும் தன்னையே பார்க்கும் காட்சி ஒன்று வரும். கேமரா ஒருவரை விட்டு மற்றவரிடம் திரும்புவதற்குள், ஜிம் கேரி கேமராவுக்குப் பின்னால் ஓடி, உடையை மாற்றிக்கொண்டு அடுத்த இடத்தில் போய் நின்றார். சிறுவனாகிவிட்ட ஜோயல் சமையலறை மேசைக்கடியில் ஒளிந்துகொள்ளும் காட்சிக்கு, ஒரு பாதி பெரிதாகவும் மறு பாதி சிறிதாகவும் செட் போட்டார்கள். கேரி எட்ட நிற்கிறார், வின்ஸ்லெட் கிட்ட நிற்கிறார்; கேமரா இருவரையும் ஒரே அறையில் சேர்க்கிறது. நியூயார்க் தெருவில் சர்க்கஸ் யானைகள் ஊர்வலம் போகிறது என்று தெரிந்ததும் திட்டத்திலேயே இல்லாத ஒரு காட்சிக்காக நடிகர்களை அங்கே அழைத்துப்போனார். நடிகர் மூச்சிரைக்க ஓடி வந்த பரபரப்பு அந்தப் படத்தில் உண்மையாகவே பதிவாகியிருக்கிறது. நினைவைக் கைநழுவ விடும் ஒருவனின் பதற்றம் நமக்குத் தொற்றுவது அதனால்தான்.

'த சயின்ஸ் ஆஃப் ஸ்லீப்' (2006) அவரே எழுதியது. குழாயைத் திறந்தால் செல்லோபேன் தாள் தண்ணீராக ஒழுகும். அட்டையால் செய்த நகரம் அசையும். 'பீ கைண்ட் ரீவைண்ட்' (2008) படத்தில், ஒரு வீடியோ கடையின் டேப்புகள் எல்லாம் அழிந்துபோக, 'கோஸ்ட்பஸ்டர்ஸ்' போன்ற பெரிய படங்களை இரு நண்பர்கள் கிடைத்த சாமான்களை வைத்துத் தாங்களே நடித்து எடுத்து வாடகைக்கு விடுகிறார்கள். கடைசியில் தெருவே சேர்ந்து தன் படத்தை எடுக்கிறது. கோந்த்ரி இதைத் திரையோடு நிறுத்தவில்லை. நியூயார்க்கில் தொடங்கி, 2011இல் பாரிஸின் பொம்பிடூ மையம் வரை பல நகரங்களில் 'அமெச்சூர் பட ஆலை' ஒன்றை நிறுவினார். முன்பின் அறியாத சிலர் காலையில் கூடுவார்கள். தலைப்பு, கதை எல்லாமே ஓட்டெடுப்பில் முடிவாகும். தயாராக இருக்கும் செட்டுகளில் சில மணி நேரத்துக்குள் படம் எடுத்து, அன்றே உட்கார்ந்து பார்ப்பார்கள். அனுபவசாலிகள் ஒருவரும் தேவையில்லை. அவருடைய பணிகளில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

பெரும்பணமும் அவரைத் தேடி வந்தது. 'த கிரீன் ஹார்னட்' படத்தை இயக்க 1997லேயே பேச்சு நடந்து நின்றுபோயிருந்தது. கடைசியில் 2011இல் அதே கதை சுமார் 12 கோடி டாலர் செலவில் அவர் கையில் வந்தது. படம் வசூலித்தது, விமர்சகர்கள் வரவேற்கவில்லை. ஆங்காங்கே சில காட்சிகளில் அவர் கைவண்ணம் தெரிகிறது, அவ்வளவுதான். தொழிற்சாலை அளவில் வேலை நடக்கும் இடத்தில் ஆரஞ்சுப் பழத்தைத் தரையில் உருட்டிப் பார்க்க யாருக்கும் நேரமிருக்காது. போரிஸ் வியானின் நாவலைத் தழுவிய 'மூட் இண்டிகோ'வில் (2013) வேறு சிக்கல்: ஒவ்வொரு காட்சியிலும் ஒரு விநோதப் பொருள், மனிதர்கள் அவற்றுக்கு நடுவே காணாமல் போகிறார்கள். அதே ஆண்டு மொழியியலாளர் நோம் சோம்ஸ்கியோடு உரையாடி, அந்தப் பேச்சு முழுவதற்கும் தன் கையாலேயே கோடு கோடாகச் சித்திரம் வரைந்து ஒரு படம் எடுத்தார். செலவு குறைவு, உழைப்பு அதிகம். அது தேறியது.

பத்தாண்டு கழித்து 'த புக் ஆஃப் சொல்யூஷன்ஸ்' (2023) வந்தது. தயாரிப்பாளர்களிடமிருந்து தன் படத்தைத் தூக்கிக்கொண்டு செவென் மலைப்பகுதியில் உள்ள அத்தை வீட்டுக்கு ஓடிவிடும் ஓர் இயக்குநரின் கதை. 'மூட் இண்டிகோ' காலத்தில் தானே பட்டதைத்தான் அதில் எடுத்தார். அந்த அத்தை ஒரு பள்ளி ஆசிரியை. அவரைப் பற்றி 2009இலேயே ஓர் ஆவணப்படம் எடுத்திருந்தார்.

அண்மைய செய்தி இரண்டையும் பதிவு செய்கிறேன். இசைக்கலைஞர் ஃபாரெல் வில்லியம்ஸின் இளமையைத் தழுவி யுனிவர்சல் நிறுவனத்துக்காக கோந்த்ரி எடுத்த 'கோல்டன்', படப்பிடிப்பு முடிந்த பிறகு 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. அதே பிப்ரவரியில் பெர்லின் திரைப்பட விழாவின் குழந்தைகள் பிரிவில் திரையிடப்பட்டது 'மாயா, எனக்கொரு தலைப்புக் கொடு'. தூர தேசத்தில் இருந்த மகளிடம் ஒரு தலைப்புக் கேட்டு, அவளையே நாயகியாக்கி, வண்ணத் தாள்களை வெட்டி ஒட்டி அவர் எடுத்தனுப்பிய குட்டிக் கதைகளின் தொகுப்பு அது.

இந்த வாரம் நேரம் கிடைத்தால் 'சுகர் வாட்டர்' படத்தை இரண்டு முறை பாருங்கள்: முதல் முறை ஒரு பக்கத்தை மட்டும், இரண்டாம் முறை மறுபக்கத்தை மட்டும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் 'அரௌண்ட் த வேர்ல்டு' போட்டுக் காட்டி, எந்தக் கூட்டம் எந்த ஒலிக்கு ஆடுகிறது என்று கேளுங்கள். அடுத்த இதழில், கோந்த்ரியின் சமகாலத்தவரும் 'பீயிங் ஜான் மல்கோவிச்' படத்தின் இயக்குநருமான ஸ்பைக் ஜோன்ஸ்.

(தொடரும்)